கொட்டாம்பட்டி சரளைக்காட்டில் செம்மரம்: வைக்கலாமா, வைத்தால் எப்படி?

மானாவாரிக்காடு கேட்டது:

மேலூர் தாலுகா கொட்டாம்பட்டி பக்கம் ரெண்டு ஏக்கர் புஞ்சை. மேட்டு நிலம், லேசான சரிவு. மேலே முக்கால் அடிக்குச் செம்மண், அதுக்குக் கீழே சரளை. கிழக்கு மூலையில் மட்டும் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டுது. கிணறு உண்டு, மாசிக்கு மேல தண்ணி இருக்காது. இது போகக் கள்ளிக்குடி பக்கம் ஒரு ஏக்கர் கரிசல் இருக்கு.

ரெண்டு இடத்திலும் செம்மரம் வைக்கலாம்னு வீட்டுல பேச்சு. கன்னு விற்கிறவர் ஒருத்தர் சொல்ற கணக்கு: ஏக்கருக்கு 450 கன்னு, சொட்டுநீர், மாசாமாசம் உரம், 12 வருஷத்தில் வெட்டு, மரம் ஒண்ணுக்கு லட்ச ரூபாய். நம்பவும் முடியலை, தள்ளவும் முடியலை.

தெரிய வேண்டியது இதுதாங்க. நம்ம மண்ணுக்கும் மழைக்கும் இது வருமா? சரளையா கரிசலா? சந்தனத்துக்கு வைக்கிற மாதிரி பக்கத்தில் துணைச்செடி வேணுமா? நர்சரியில் கொடுக்கிறது செம்மரம்தானான்னு கன்னுலேயே எப்படிப் பார்க்கிறது? வெட்டும்போது யார்கிட்ட அனுமதி, அதுக்கு இப்பவே என்ன காகிதம் சேர்க்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொன்னா ஐப்பசி மழைக்குள்ள முடிவு பண்ணிடலாம்.

மலைச்சரிவு எழுதியது:

முதலில் அந்த மரத்தின் சொந்த ஊரைப் பார்த்துவிடுங்கள். உங்கள் மண் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடக்கிறது.

செம்மரம், அதாவது டெரோகார்பஸ் சாண்டலினஸ், உலகத்திலேயே தானாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குத் துண்டில் மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை, நல்லமலையின் தென்பகுதி, அவ்வளவே. ரேணிகுண்டாவிலிருந்து கோடூர், இராஜம்பேட்டை வழியாகக் கடப்பாவுக்குப் போகும் ரயிலில் இரண்டு பக்க ஜன்னலிலும் தெரிகிற மலைகள்தான் அதன் வீடு. தமிழ்நாட்டில் ஆந்திர எல்லையை ஒட்டிய வடமாவட்டங்களில் ஓரமாகக் கொஞ்சம் உண்டு. மதுரை, திருப்பதியிலிருந்து தெற்கே நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். அழகர்மலையிலும் சிறுமலையிலும் நாகமலையிலும் இது இயற்கையாகக் கிடையாது.

அந்த மலைகளில் இது நிற்கிற இடம் எப்படிப்பட்டது? குவார்ட்சைட், ஷேல் என்கிற பாறைகள் உடைந்து நொறுங்கிக் கிடக்கிற சரிவு. கடல் மட்டத்துக்கு மேல் 150 முதல் 900 மீட்டர் வரை. மண் மெலிசு, கல் அதிகம், பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். ஆண்டுக்கு 900 முதல் 1,000 மில்லிமீட்டர் வாக்கில் மழை, அதில் தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் பங்கு உண்டு. கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இந்தக் கஷ்டத்தில் மரம் 8 முதல் 11 மீட்டர் உயரம்தான் போகும். ஒரு மீட்டர் சுற்றளவுக்கு வந்த மரம் நல்ல மரம். அந்த அளவுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். மெதுவாக வளர்ந்து இறுகிய அந்த நடுக்கட்டைக்குத்தான் சந்தையில் விலை.

பக்கத்துச் சமவெளியில் நல்ல மண் இருந்தும் ஏன் அங்கே காடாகப் பரவவில்லை என்றால், இது முழு வெயில் கேட்கிற மரம். தலைக்கு மேல் நிழல் விழுந்தால் கன்று அப்படியே குன்றிப்போகும். வளமான மண்ணில் வேகமாக ஓங்குகிற மரங்களோடு இதனால் போட்டி போட முடியாது. வேறு மரம் தயங்குகிற கல்லுச் சரிவில் மட்டும் இதற்கு இடம் கிடைக்கிறது. விதையும் தாராளமாக முளைக்கிற விதை இல்லை.

இவ்வளவு சின்ன இடத்தில் மட்டும் இருப்பதால்தான் சட்டமும் கண்காணிப்பும். அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995-இல் சேர்த்தார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். வெளியிடும் செம்பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2018-இல் இரண்டு படி இறக்கி வைத்தார்கள், பிறகு நிலைமையைப் பார்த்து மீண்டும் பழைய நிலைக்கே ஏற்றிவிட்டார்கள். சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அப்படியும் திருட்டு வெட்டு நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் நம் வடமாவட்டங்களிலிருந்து மரம் வெட்டப் போன 20 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். காகிதம் இல்லாத செம்மரக் கட்டை யாரிடம் இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். பட்டா நிலத்தில் முறைப்படி வளர்க்கிற ஒவ்வொரு மரமும் அந்தக் காட்டின் மேல் இருக்கிற பாரத்தைக் கொஞ்சம் இறக்கும். அதனால் உங்கள் யோசனை நல்ல யோசனைதான்.

இப்போது உங்கள் நிலம். மதுரை மாவட்டத்தில் மழை 850 மில்லிமீட்டர் வாக்கில், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். வெயிலுக்குக் குறைவில்லை. கொட்டாம்பட்டிச் சரளை, செம்மரத்தின் சொந்த மண்ணுக்கு நெருங்கிய உறவு. கரிசலில் வைக்காதீர்கள். கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் ஈரம் கட்டி நிற்கும், வேர் மூச்சு முட்டி அழுகும். தப்பிப் பிழைத்ததைச் சித்திரையில் வெடிப்பு விடும் மண் இழுத்து வேரை அறுக்கும்.

கன்றை அடையாளம் பார்க்க: முளைத்த புதிதில் ஒற்றை இலைதான் வரும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒன்றரை அடி வளர்ந்த கன்றில் ஒரு காம்புக்கு மூன்று இலை இருக்க வேண்டும், எப்போதாவது ஐந்து. ஒவ்வொன்றும் அகலமாக, கிட்டத்தட்ட வட்டமாக, நுனியில் லேசாகக் குழிந்து இருக்கும். மேல்பக்கம் வழவழப்பு, அடிப்பக்கம் சாம்பல் பூத்த நிறம். ஒரு காம்பில் ஐந்து முதல் ஏழு நீள இலை இருந்தால் அது வேங்கை. புளிய இலை போல் பொடி இலையாக இரண்டு அடுக்கில் பிரிந்தால் அது ஆனைக்குன்றிமணி, அதாவது மஞ்சாடி. அதன் சிவப்பு விதையைக் காட்டிச் செம்மரம் என்று விற்பது நெடுநாளாக நடக்கிறது. செம்மரத்தின் காய் தட்டையாக, சுற்றிலும் இறக்கை கட்டிய வட்டக் காசு மாதிரி இருக்கும், சிவப்பு மணி விதை கிடையாது. கேரளத்தில் செம்மரம் என்று சொல்வது முற்றிலும் வேறொரு மரம், எல்லை தாண்டி வரும் கன்றில் இதையும் கவனியுங்கள். வளர்ந்த மரமாக இருந்தால் பட்டையே சொல்லிவிடும்: கருத்து, முதலை முதுகு போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். கீறினால் சிவப்புப் பிசின் கசியும்.

வாசனையை வைத்துத் தேடாதீர்கள். செஞ்சந்தனம் என்று பேர் இருந்தாலும் இதில் சந்தன மணம் இல்லை.

நாற்றங்கால் எழுதியது:

மலைச்சரிவு ஐயா சொன்னதுக்கு மேல நடவு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

குழி எடுக்கிறதுக்கு முன்னாடி நிலத்தில் நாலைந்து இடத்தில் வடிகால் பாருங்க. ஒன்றரை அடி அகலம், மூணு அடி ஆழம் தோண்டி, தண்ணி நிரப்பி வடிய விடுங்க. மறுபடி நிரப்புங்க. இரண்டாவது தண்ணி ஒரு நாளுக்குள்ள வடிஞ்சுட்டா அந்த இடம் சரி. மறுநாளும் நின்னா அங்கே வேண்டாம். தோண்டின மண்ணில் வெள்ளை வெள்ளையா சுக்கான் கல் இருந்தா அதில் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு அதிகம், அந்த மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டுத்தான் மேல போகணும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கு. உவர் மண்ணில் செம்மரம் எழும்பாது.

இடைவெளி 13 அடிக்கு 13 அடி. ஏக்கருக்கு ஏறத்தாழ 257 கன்னு. 450 கன்னுங்கறது பத்தடிக்குப் பத்தடிக்கும் குறைவு. அஞ்சாறு வருஷத்தில் தலை முட்டும், வெயில் கேட்கிற மரம் ஒண்ணையொண்ணு தின்னும், பாதியைக் கலைக்க வேண்டி வரும். கன்னு விற்கிறவருக்கு அது லாபம், வைக்கிறவருக்கு இல்லை.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். சரளையைக் கடப்பாரையால அடியிலும் இளக்கி விடணும். வழுவழுன்னு சுவர் விட்ட குழி சட்டி மாதிரி ஆகி வேர் உள்ளேயே சுத்தும். ஆவணியில் குழி எடுத்து வெயிலில் காய விடுங்க. மேல்மண்ணோட 5 கிலோ மக்கிய தொழுஉரம், 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்புங்க. புண்ணாக்கு கரையானுக்காக. மக்காத சாணி போட்டா கரையானை நாமே கூப்பிடுற மாதிரி. யூரியா வேண்டவே வேண்டாம். இது பயறு வகைக் குடும்பம், வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கும்.

நடவு ஐப்பசியில், ரெண்டு நல்ல மழை பெய்ஞ்சு குழி முழுக்க ஈரம் இறங்கின பிறகு. ஒரு வயசுக் கன்னு, ஒன்றரை முதல் ரெண்டு அடி உயரம். நாலடிக் கன்னு பார்க்க அழகா இருக்கும், சின்னப் பையில் ரொம்ப நாள் நின்னதா இருந்தா ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். வாங்கும்போது ஒரு பையைக் கிழிச்சுக் காட்டச் சொல்லுங்க. சுருண்ட வேர் மரம் பத்து வயசுக்குப் பிறகு காத்துக்குச் சாயும், அப்போ திருத்த வழி இல்லை. நடும்போது பையின் அடியில் ஒரு அங்குலத்தை வேரோட சேர்த்து நறுக்கிட்டு, பிறகு பையை உரிச்சு வைங்க. தண்டும் வேரும் சேர்ற கழுத்து மண்மட்டத்தில் இருக்கணும். தண்டைச் சுத்திக் குழிவு விடாம லேசா மேடு கட்டுங்க.

துணைச்செடி தேவையில்லை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சிப் பிழைக்கிற மரம், அதனால அதுக்குத் துவரை, பொன்னாங்கண்ணி எல்லாம் வைக்கிறாங்க. செம்மரம் தன் வேரில் தானே நிற்கும். ரெண்டையும் ஒரே வரிசையில் கலந்து வைக்காதீங்க. சந்தனம் செம்மரத்து வேரிலேயே கை வைக்கும். ஊடுபயிரா முதல் மூணு வருஷம் கடலை, உளுந்து, தட்டைப்பயறு, சாமை எது வேணாலும் போடலாம். சோளம், கம்பு உயரம் போய் நிழல் கட்டும். கன்னைச் சுத்தி மூணடிக்கு எதுவும் இருக்கக் கூடாது.

தண்ணி: முதல் ரெண்டு கோடைக்கு மட்டும், பத்து நாளைக்கு ஒரு தடவை கன்னுக்கு 15 லிட்டர். கொஞ்சம் கொஞ்சமா தினம் விடாதீங்க. ஆழமா இறங்குற மாதிரி ஒரே தடவையா விடணும், அப்பத்தான் வேர் கீழே போகும். மூணாம் வருஷத்திலிருந்து மழைதான். உங்க கிணறு மாசியில் வத்திப் போறதால அந்த ரெண்டு கோடைக்கு டேங்கர் செலவைக் கணக்கில் சேர்த்துக்கங்க. 500 கன்னுக்கு ஒரு நடைக்கு 7,500 லிட்டர், பங்குனி முதல் ஆடி வரை பதினைந்து நடைக்குக் குறையாது.

தை, மாசியில் இலை முழுக்க உதிர்ந்து குச்சியா நிக்கும். செத்துப் போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. நகத்தால தண்டைக் கீறினா பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு, சித்திரையில் துளிர்க்கும். துளிர் வந்ததும் ஆடு தேடி வரும், இந்தத் தழை ஆட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். தலைக்கொழுந்தை ஆடு கடிச்ச கன்னு ரெண்டா மூணா கவை விடும், நேர்த்தடி கிடைக்காது. முள்கம்பியோட கிளுவைப் போத்தை நெருக்கி ஊன்றி உயிர்வேலி போட்டா அஞ்சாறு வருஷத்தில் வேலி கெட்டியாயிடும்.

கவாத்து இலையில்லாத காலத்தில். குறி ஒண்ணே ஒண்ணு: அடியிலிருந்து பத்தடிக்குக் கணு இல்லாத ஒரே தண்டு. ஒரு வருஷத்தில் மொத்தத் தழையில் மூணில் ஒரு பங்குக்கு மேல கழிக்காதீங்க. தண்டை ஒட்டி நறுக்கணும், கிளையின் அடித்துண்டை விட்டு நறுக்கினா அந்தத் துண்டு பட்டுப்போய் உள்ளே பொந்து விழும்.

சொந்தமா நாத்து விடணும்னா காய்ஞ்ச காயின் இறக்கையைக் கத்தரிச்சுட்டு, சாணிக்கரைசலில் 72 மணி நேரம் ஊற வைச்சு, மணல் பாத்தியில் விதைக்கணும். முளைப்பு ரெண்டு வாரத்தில் தொடங்கி ஒன்றரை மாசம் வரை விட்டுவிட்டு வரும். நூத்துக்கு நாப்பது முளைச்சாலே நல்ல விதை. பாதிக் காய்க்குள்ள விதையே இருக்காது, இல்லேன்னா பூச்சி தின்னிருக்கும். 500 கன்னுக்காக இந்தப் பாடு வேண்டாம், வனத்துறை நாற்றங்காலிலேயே வாங்கிடுங்க. அரசோட உழவன் செயலியில் பதிஞ்சா, மரக்கன்னு கொடுக்கிற பசுமைப் போர்வைத் திட்டத்திலும் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

வைகைக்கரை எழுதியது:

நாற்றங்கால் அண்ணே, தண்ணி விஷயத்தில் எனக்கு வேற கருத்து. சொட்டுநீரில் சோழவந்தான், வாடிப்பட்டி பக்கத் தோட்டங்களில் பருமன் நல்லாவே வருது. பத்து வயசில் ரெண்டடிச் சுற்றளவு தாண்டின மரம் இருக்கு. சரளையில் மானாவாரியா விட்டா இருபது வயசில்கூட அது வருமாங்கறது சந்தேகம். பருமன் வந்தாத்தானே எடை வரும்?

நாற்றங்கால் எழுதியது:

பருமன் வரும் தம்பி, அதில் சந்தேகம் இல்லை. ஆனா விலை சேகுக்குத்தான், அதாவது வைரம் பாய்ந்த சிவப்பு நடுக்கட்டைக்கு. சுத்தி இருக்கிற வெள்ளைக்கு விறகு விலை.

கணக்குப் போட்டுப் பாருங்க. மூணு மீட்டர் நீளத் தடி, சுற்றளவு 60 சென்டிமீட்டர். குறுக்களவு ஏறத்தாழ 19. தண்ணி பாய்ச்சி வேகமா வளர்த்த மரத்தில் சேகு 8 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்குன்னு வைங்க. அந்தச் சேகின் கன அளவு 0.015 கனமீட்டர். செம்மரச் சேகு தண்ணியில் மூழ்குற கட்டை, ஒரு கனமீட்டர் 1,100 கிலோவுக்குக் குறையாது. ஆக மரத்துக்கு 17 கிலோ. அதே 60 சென்டிமீட்டர் மரத்தில் சேகு 14 சென்டிமீட்டர் ஏறியிருந்தா 51 கிலோ. வெளியே ரெண்டு மரமும் ஒரே மாதிரிதான் தெரியும், உள்ளே மூணு மடங்கு வித்தியாசம். சேகு குறுக்களவின் வர்க்கத்தில் ஏறுது. அதனாலதான் 12-ஆம் வருஷத்துக்கும் 25-ஆம் வருஷத்துக்கும் நடுவில் இருக்கிற காத்திருப்புதான் உண்மையான வருமானம்.

சேகு ஏற வயசு வேணும், கொஞ்சம் வறட்சியும் வேணும். ஈரம் குறையாத மரத்துக்கு வெள்ளையிலேயே வேலை ஓடிக்கிட்டு இருக்கும், உள்கட்டையை இறுக்கி மூடுற தேவை தள்ளிப்போகும். இன்னொண்ணு, சொட்டுக்குழாய் பக்கமே வேர் மேலாகச் சுருண்டு கிடக்கும். ஆடிக்காத்தில் சாயுற மரங்களின் வேர்த்தட்டைப் பார்த்தா இது தெரியும். கொட்டாம்பட்டி மேட்டில் காத்து சும்மா இருக்காது.

நிற்கிற மரத்தில் சேகு பார்க்கணும்னா மார்பளவு உயரத்தில், தரையிலிருந்து 137 சென்டிமீட்டரில், மாதிரித் துளைப்பான் வைச்சு ஒரு மெல்லிய குச்சி மாதிரி எடுத்துப் பார்ப்பாங்க. வெள்ளை எங்கே முடிஞ்சு சிவப்பு எங்கே தொடங்குதுன்னு அளந்துடலாம். எல்லா மரத்தையும் துளைக்க வேண்டாம், அந்தத் துளை பூஞ்சைக்கு வாசல். தோப்புக்குப் பத்து மரம் போதும், பார்த்ததும் துளையை மெழுகால அடைச்சுடணும். 15-ஆம் வருஷத்துக்கு முன்னாடி பார்த்துப் பயன் இல்லை.

வைகைக்கரை எழுதியது:

சேகு அளவை வைச்சுப் பார்த்தா நீங்க சொல்றது சரிங்கண்ணே. முதல் ரெண்டு கோடைக்கு மட்டும் சொட்டுநீர் போட்டு, பிறகு குழாயைக் கழட்டி வேற பயிருக்குக் கொண்டு போகலாமா?

நாற்றங்கால் எழுதியது:

தாராளமா. தண்டை ஒட்டி இல்லாம ஒன்றரை அடி தள்ளி ரெண்டு சொட்டுவாய், மூணாம் வருஷம் பங்குனியில் கழட்டிடணும். அதுக்கு மேல ஒரு வருஷம் நீட்டினாலும் மரம் பழகிடும்.

அடங்கல் எழுதியது:

காகிதம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. செம்மரத்தில் இதை நட்ட அன்றே தொடங்க வேண்டும், வெட்டும்போது தேடினால் கிடைக்காது.

தேக்கு, மலைவேம்பு போல இதை எண்ணாதீர்கள். பட்டா நிலத்தில் நட்டு வளர்க்கத் தடை இல்லை. ஆனால் வெட்டவும், வெட்டியதை வைத்திருக்கவும், கொண்டு போகவும் வனத்துறை அனுமதி வேண்டும். 30 வருஷம் கழித்து வருகிற அதிகாரி கேட்கப் போகிற முதல் கேள்வி: "இந்த மரத்தை நீங்கள்தான் நட்டீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" அன்றைக்குப் பதில் சொல்ல இன்றைக்குச் சேர்க்க வேண்டியவை இவை.

கன்று வாங்கிய ரசீது. அதில் செம்மரம் என்ற பெயரும் எண்ணிக்கையும் தேதியும் இருக்க வேண்டும், "மரக்கன்று 500" என்று மட்டும் எழுதிய ரசீது உதவாது. அரசு நாற்றங்கால் ரசீதாக இருந்தால் பிற்காலத்தில் பேச்சு குறையும். நட்ட பசலியிலேயே, அதாவது அந்த வருவாய்க் கணக்கு ஆண்டிலேயே, கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, சர்வே எண் வாரியாக மரத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் அடங்கலில், அதாவது கிராமத்தின் நில, பயிர்க் கணக்கில், ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதும் நகல் வாங்குங்கள். பிறகு ஆண்டுதோறும் அந்தப் பதிவு தொடர்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு பசலியில் "தரிசு" என்று விழுந்துவிட்டால் அது பின்னால் பெரிய இடைஞ்சல். இடக்குறியீடு பதிகிற கைபேசிப் புகைப்படம் நட்ட நாளில் ஒன்று, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒன்று. பட்டுப்போன கன்றுக்கு மறுநடவு செய்தால் அந்த எண்ணையும் எழுதிவையுங்கள். அடங்கலில் 500, நிலத்தில் 380 என்றால் மீதி 120 எங்கே போனது என்ற கேள்வி வரும்.

கூட்டுப்பட்டாவாக இருந்தால் நடுவதற்கு முன்பே உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிடுங்கள். முப்பது வருஷத்தில் ஒரு தலைமுறை மாறும். அப்போது நாலு பங்காளி கையெழுத்துக்கு அலைவதுதான் மரம் வளர்ப்பதைவிடக் கஷ்டம். நிலம் காப்புக்காட்டை ஒட்டி இருந்தால் எல்லைக்கல்லை அளந்து, நில வரைபட நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்தில் இது முக்கியம்.

வெட்டுகிற காலத்தில் மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பம். வருவாய்த்துறை நில உரிமையைச் சொல்லும், வனச்சரக அலுவலர் வந்து மரத்தை எண்ணி அளந்து போவார். அனுமதி வந்த பிறகே வாளை வைக்க வேண்டும். வெட்டிய தடியை அளந்து பதிந்து, 1968-ஆம் ஆண்டு மரக்கட்டை போக்குவரத்து விதிகளின்படி எடுத்துச்செல்லும் அனுமதி பெற்றுத்தான் லாரியில் ஏற்ற முடியும். காய்ந்து விழுந்த மரமாக இருந்தாலும் முதலில் தகவல், பிறகுதான் அறுவை. சும்மா கிடக்கட்டும் என்று வீட்டுக் கொட்டகையில் ஒரு தடியைப் போட்டு வைப்பதுகூடக் குற்றமாகப் பார்க்கப்படலாம்.

ஏற்றுமதி பற்றி நிறைய ஆசை வார்த்தை உலவுகிறது. காட்டு மரத்தைத் தனியார் ஏற்றுமதி செய்ய வழியில்லை, அரசு பறிமுதல் செய்து ஏலம் விடும் மரத்துக்கு மட்டும் தனி அனுமதி உண்டு. தனியார் நிலத்தில் வளர்த்த மரத்துக்கு 2019-இல் மத்திய அரசு கொள்கையைத் தளர்த்தியது, ஆனால் அதுவும் உரிமத்தோடுதான். மரம் சாகுபடியில் வந்தது என்ற சான்றும், சைட்டிஸ் அனுமதியும் வேண்டும். 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தை சைட்டிஸ் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்தது, 2023 நவம்பரில்தான் அதிலிருந்து விடுவித்தார்கள். அது விவசாயிக்கு நல்ல செய்தி. ஆனால் ரசீதும் அடங்கலும் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தித்தாளில் வருகிற பெரிய விலைகள் ஆந்திர அரசு மின்னணு ஏலத்தில் விற்கும் காட்டு மரத்துக்கு, அதிலும் முதல் தரத்துக்கு. அலை அலையாக ரேகை ஓடுகிற தடிக்குத்தான் ஜப்பானில் இசைக்கருவிக்காகவும் சீனத்தில் மரச்சாமானுக்காகவும் தனி விலை. அந்த ரேகை எந்தக் கன்றில் வரும் என்று யாராலும் நாற்றங்காலில் சொல்ல முடியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். "ரேகைக் கன்று" என்று கூடுதல் விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். நேர்ரேகைச் சேகுக்கும் சாயத்துக்கும் சிற்பத்துக்கும் சந்தை உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. உங்கள் வரவு செலவை அந்தக் குறைந்த கணக்கில் போடுங்கள்.

மானாவாரிக்காடு கேட்டது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கரிசலை விட்டுட்டேன். சரளையில் 13 அடி இடைவெளியில் வைக்கிறதா முடிவு. பட்டா தனிப்பட்டாதான், அடங்கல் வேலையை நட்ட வாரமே முடிச்சுடறேன்.

ரெண்டு சந்தேகம் மட்டும். கிழக்கு மூலையில் ஒன்றரை அடியில் பாறை தட்டுற இடம் ஒரு முப்பது சென்ட் வரும், அங்கேயும் செம்மரமே வைக்கலாமா? முப்பது வருஷம் வருமானம் இல்லாம நிலத்தை விடுறதுக்கு வீட்டுல தயங்குறாங்க, அதுக்கு என்ன வழி?

மலைச்சரிவு எழுதியது:

அந்தப் பாறை எப்படிப்பட்டது என்று கடப்பாரையால் பாருங்கள். வெடிப்பும் அடுக்குமாக இருந்தால் வேர் நுழையும், செம்மரம் வைக்கலாம். சேஷாசலத்தில் அது அப்படித்தான் நிற்கிறது. ஒரே சட்டிப்பாறையாக, அடித்தால் மணிபோல் கணகணவென்று கேட்டால் வேண்டாம். மேலூர் பக்கம் பெரும்பாலும் கருங்கல் பாறை, வெடிப்பு குறைவு. அப்படியென்றால் அந்த முப்பது சென்ட்டில் நம் மண்ணின் மரங்களையே வையுங்கள். ஆச்சா, உசில், பொரசு மூன்றும் நம் பக்கத்து வறண்ட காட்டு மரங்கள், மூன்றும் கெட்டிக் கட்டை. இலங்கையில் முதிரை என்று கொண்டாடுகிற மரம்தான் நம் பொரசு. மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் இவற்றையும் வைக்காதீர்கள், பாறைமேல் பள்ளம் தொட்டி மாதிரி ஆகிவிடும்.

செம்மரம் வெட்டினால் அடியிலிருந்து மறுதழைவு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு கட்டையில் வரும் பல தளிரில் நேரானது ஒன்றை விட்டு மற்றதைக் கழித்தால் அடுத்த மரம் தயார். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் அதற்குத் தண்ணீர் செலவு இல்லை.

நாற்றங்கால் எழுதியது:

வருமானத்துக்கு: முழு நிலத்தையும் ஒரே தடவையில் நிரப்பாதீங்க. ஒரு ஏக்கரில் 13 அடிக்கு 13 அடி தோப்பா வைங்க. இன்னொரு ஏக்கரில் வரப்பு ஓரமா மட்டும் பத்தடிக்கு ஒண்ணுன்னு ஒத்தை வரிசை. ஏக்கர் சதுரமா இருந்தா சுத்தளவு 835 அடி, 80 கன்னுக்கு மேல பிடிக்கும். நடுவில் வழக்கம்போலக் கடலையும் சாமையும் போகும். ஒத்தை வரிசைக்கு ரெண்டு பக்கமும் வெயில் கிடைக்கிறதால பத்தடி அங்கே போதும். உழவு ஓட்டும்போது வரிசையிலிருந்து நாலடி தள்ளியே கலப்பையைத் திருப்புங்க, பக்கவேர் அறுந்த இடத்தில் புதுப் போத்து கிளம்பி மரத்தின் சத்தைப் பிரிக்கும். தோப்பு ஏக்கரிலும் மூணு வருஷத்துக்கு ஊடுபயிர் வரும். நாலாம் வருஷத்துக்கு மேல கொழுக்கட்டைப் புல் விட்டு அறுத்து மாட்டுக்குப் போடலாம், ஆனா மாட்டை உள்ளே அவிழ்த்து விடக் கூடாது. தை பிறந்ததும் அந்தப் புல்லை ஒட்ட அறுத்து, வேலியைச் சுத்தி ஆறடிக்குத் தரை தெரியச் செதுக்கிடுங்க. உதிர்ந்த சருகும் காய்ஞ்ச புல்லும் சேர்ந்தா ரோட்டோரத்து ஒரு பீடி நெருப்பு போதும்.

கன்னுக்கு இப்பவே சொல்லி வைங்க. 257-ம் 80-ம் சேர்த்து 337, பட்டுப்போறதுக்காக நூத்துக்குப் பத்து கூடுதல், ஆக 370.